ஒன்பது சுரமும் ஒரு பாண் ஓட்டோவும்: எங்கட நாடகம் உருவான கதை

எங்கட ஒழுங்கைக்குப் பின்னேரம் அஞ்சரை போல பாண் ஓட்டோ வரும், ஆனா ஓட்டோவுக்கு முதல் வாறது அந்த ரியூன்தான். ரெண்டு சுரம் மாறி மாறி அஞ்சு தரம், பிறகு கீழ விழுந்து கொஞ்சம் ஏறித் திரும்ப இறங்கி வந்து இருக்கிற நாலு சுரம். இலங்கையில எங்க இருந்தாலும் இந்தச் சத்தம் கேட்டா ஆக்கள் காசை எடுத்துக்கொண்டு படலையடிக்குப் போவினம், தெற்கில சூன் பாண் எண்டுவினம், எங்கட பக்கம் பாண் ஓட்டோ எண்டுதான் சொல்லுறது. அந்த ஒன்பது சுரம் எங்கட சனசமூக நிலையத்து ஆண்டு விழா நாடகத்தை எப்பிடிக் காப்பாத்தினது எண்டதை முழுசா எழுதி வைக்கவேணும் எண்டு கன நாளா நினைச்சிருந்தன். சின்ன இசைத் துண்டு ஒண்டு திரும்பத் திரும்ப வரேக்க அதில இருந்து ஒரு படைப்பு எப்பிடி முளைக்குது, எந்த இடத்தில அது உதவுது, எந்த இடத்தில கெடுக்குது எண்டு நாங்கள் பட்டுத் தெரிஞ்சதை அப்பிடியே வைக்கிறன், கதை எழுதுற ஆக்கள், குறும்படம் எடுக்கிற பெடியள், பள்ளிக்கூட நாடகம் பழக்கிற ரீச்சர்மார் ஆருக்காவது பிரயோசனப்படும்.

முதல் எழுதினதைப் பற்றிச் சொல்லவேணும். விழாவுக்கு ஒரு நாடகம் தாங்கோ எண்டு நிலையத்தில கேட்டவை, 25 நிமிசம், நடிக்கப் பதினொரு பிள்ளையள், ஆறாம் வகுப்பில இருந்து பத்தாம் வகுப்பு வரைக்கும். நான் இலங்கையில பொருளாதார நெருக்கடி வந்த 2022 ஐ எடுத்தன். எல்லா வீட்டுக்குள்ளயும் புகுந்து போன வருசம் அது. பங்குனி முடிவில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை, பெற்றோலுக்கு இரவிரவா வரிசை, காஸ் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, பிறகு கியூஆர் கோட் வந்து ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர் எண்டு அளந்து குடுத்தவை. இதெல்லாத்தையும் நான் வசனமாக்கி வைச்சன். அப்பா வந்து பெற்றோல் இல்லை எண்டுவார், அம்மா வந்து காஸ் இல்லை எண்டுவா, அண்ணன் வந்து கரண்ட் இல்லை எண்டுவான். எல்லாம் உண்மைதான், ஆனா பிள்ளையள் நிண்டு சொல்லேக்க வானொலிச் செய்தி மாதிரி இருந்தது, ஒரு காட்சி முடிஞ்சா அடுத்த காட்சி ஏன் வருகுது எண்டு அவைக்கும் தெரியேல்ல எனக்கும் தெரியேல்ல. மூண்டு கிழமை பழகியும் ஒருத்தருக்கும் வசனம் பாடமாகேல்ல. பிள்ளையளில பிழை சொல்ல ஏலாது, ஒண்டோட ஒண்டு கொழுவிப் பிடிக்க அந்த எழுத்தில ஒரு கொழுக்கியும் இருக்கேல்ல.

ஒரு நாள் பழகிக்கொண்டு இருக்கேக்க ஓட்டோ வந்தது. பிள்ளையள் எல்லாரும் வசனத்தை நடுவில விட்டிட்டு றோட்டுப்பக்கம் திரும்பினவை. ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்ல, பதினொரு தலையும் ஒண்டாத் திரும்பினது, மூண்டு கிழமையா "எல்லாரும் ஒண்டாத் திரும்புங்கோ" எண்டு நான் தொண்டை கிழியக் கத்தியும் நடக்காத விசயம். ஓட்டோ முடக்கால திரும்பி, சத்தம் தேய்ஞ்சு போன பிறகு எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள், "அக்கா, அந்த வருசம் உது கன நாள் வரேல்ல என்ன?"

ஓம், வரேல்ல. வரிசை ஞாபகம் இருந்தது, இருட்டு ஞாபகம் இருந்தது, இது மட்டும் எனக்கு மறந்தே போச்சு. அவள் கேட்ட உடன எனக்கு என்ர பெரியம்மாதான் கண்ணுக்கு முன்னால வந்தவ. அஞ்சரைக்கு விறாந்தையில கதிரையை இழுத்துப் போட்டிட்டு, ஹோர்லிக்ஸ் போத்தல் மூடிக்குள்ள பாண் காசை எண்ணி வைச்சுக்கொண்டு இருப்பா. ஓட்டோ வராத அந்தக் கிழமையளிலயும் இருந்தவ. ஆறு மணி ஆனதும் மூடிக்குள்ள இருந்த காசைத் திரும்பப் போத்தலுக்குள்ள கொட்டிப்போட்டு எழும்பி உள்ள போவா, ஒரு சொல்லும் சொல்லமாட்டா. போத்தலுக்குள்ள சில்லறை விழுற சத்தம்தான் அந்த நாளில எங்கட வீட்டில ஆறு மணி.

அண்டைக்கு இரவே பழைய எழுத்து முழுக்கத் தள்ளி வைச்சிட்டன். புதுசா வைச்ச ஒழுங்கு இவ்வளவுதான்: ஒரே விறாந்தை, ஒரே நேரம், பின்னேரம் அஞ்சரை. அந்த வருசத்தில இருந்து ஏழு வேற வேற நாள். ஒவ்வொரு நாளும் அந்த ரியூன் வாற நேரத்தில தொடங்கும். என்ர பெரியம்மா மாதிரி ஒரு அம்மம்மா கதிரையில இருப்பா. அதுக்கு மேல ஒண்டும் யோசிக்கேல்ல, ஆனா எழுத இருந்தா ஒரே இருப்பில நாலு காட்சி வந்தது, மூண்டு கிழமையா வராதது. திரும்பி வாற ஒண்டு நிலையா இருக்கேக்க அதைச் சுத்தி மாறுறது எல்லாம் தானாக் கண்ணில படுது, ஜனவரியில ரெண்டு றாத்தல் அச்சுப்பாணும் பிள்ளையளுக்கு மாலுபணிசும் வாங்கின வீடு சித்திரையில ஒரு றாத்தலோட நிக்குது எண்டால் அதை ஒரு பாத்திரமும் வாயால சொல்லவேண்டிய அவசியம் இல்லை, கையில வாற பையைப் பாத்தாலே போதும்.

இனி அந்த ரியூனுக்கு வருவம், ஏனெண்டா அதை நாங்கள் வடிவாப் பிரிச்சுப் பாக்காட்டி பிறகு வந்த ஒண்டும் வந்திருக்காது.

அது பீத்தோவன் 1810 இல எழுதின சின்னப் பியானோத் துண்டு, ஃபூர் எலீஸ் எண்டு பேர். அவர் 1827 இல மோசம் போனவர், இது அச்சில வந்தது 1867 இல, அவர் போய் 40 வருசத்துக்குப் பிறகு. உயிரோட இருக்கேக்க வெளியிடாத ஒரு துண்டு இண்டைக்கு எங்கட ஒழுங்கையில பாணுக்கு ஆள் கூப்பிடுது எண்டதை நினைச்சா எனக்கு இப்பவும் ஒரு மாதிரி இருக்கும். முழுசாக் கேட்டா முதல் இந்தப் பகுதி வரும், பிறகு வேற ஒரு பகுதி, திரும்ப இது, பிறகு இடக்கை ஒரே சுரத்தைத் தட்டிக்கொண்டே இருக்கிற இன்னொரு பகுதி, கொஞ்சம் பயங்கரமா, பிறகு திரும்ப இதே. எங்கட கீர்த்தனையில அனுபல்லவி, சரணம் எண்டு எங்க போனாலும் பல்லவிக்கு வந்து சேருறம்தானே, அந்த மாதிரித்தான்.

எங்கட ஊரில சங்கீதம் படிப்பிக்கிற ரீச்சர் ஒராள் இருக்கிறா, அவவிட்டக் கொண்டுபோய்க் கேட்டன். ரெண்டு தரம் கேட்டிட்டுக் கொப்பியில எழுதித் தந்தவ: ப ம ப ம ப ரி ம க ச. எழுதிப்போட்டு பேனையால ரெண்டு இடத்தில வட்டம் போட்டவ. "இஞ்ச பாருங்கோ பிள்ளை, முதல் வாற ம ரெண்டும் பிரதி மத்திமம், கொஞ்சம் மேல நிக்கிற ம, பிறகு வாறது சுத்த மத்திமம், கீழ நிக்கிற ம. ஒரு வரிக்குள்ள ரெண்டு மத்திமமும் நிக்குது." ப வுக்குப் பக்கத்தில ஒட்டிக்கொண்டு நிக்கிற அந்தப் பிரதி மத்திமம்தான் ஆளைப் பிடிச்சு இழுக்குது எண்டு பாடிக் காட்டினவ. இதெல்லாம் பிள்ளையளுக்கு விளங்காது எண்டு நினைச்சன், ஆனா ரீச்சர் ஒத்திகைக்கு வந்து ரெண்டு ம வையும் மாறி மாறிப் பாட, ஆறாம் வகுப்புப் பெடியன் ஒருத்தன், "முதல் வாறது கூப்பிடுது, பிறகு வாறது வந்திட்டன் எண்டு சொல்லுது" எண்டான். அந்த வசனத்தை நான் சுவரில எழுதி ஒட்டினன். நாடகம் முடியும் வரைக்கும் அது அங்கதான் இருந்தது.

இன்னொரு விசயம் சாமான் பக்கத்தால தெரிஞ்சது. ஓட்டோ ஸ்பீக்கரில வாற அந்த மெல்லிய கீச்சுச் சத்தம் எங்களுக்கு வேணும், கீபோட்டில வாசிச்சா அது கச்சேரி மாதிரி வடிவா இருக்குது, ஒழுங்கை மாதிரி இல்லை. யாழ்ப்பாணம் ரவுணில ரேடியோ திருத்துற கடைத் தம்பி ஒருத்தர் எனக்கு யூஎம்66 எண்ட ஐசியை, ரியூன் பதிஞ்ச ஒரு மின்னணுச் சில்லைக் காட்டினவர், பாக்க ட்ரான்சிஸ்டர் மாதிரி மூண்டு கால், விரல் நகத்தளவுதான், உள்ளுக்க 64 சுரம் பதிய இடம் இருக்கு, அவ்வளவுதான். வாழ்த்து மட்டையள், விளையாட்டுச் சாமான்களுக்குள்ள இருந்து பாடுற சாமான் இது. ஃபூர் எலீஸ் பதிஞ்சதும் வருது. ரெண்டு பென்ரோச் பற்றரி, ஒரு சின்ன ஸ்பீக்கர், ஒரு சுவிச், ஒரு ட்ரான்சிஸ்டர் எண்டு அவரே பூட்டித் தந்தவர். அதில நான் கவனிச்சது என்னெண்டா, கரண்ட் குடுக்கிற ஒவ்வொரு தரமும் அது முதல் சுரத்தில இருந்துதான் தொடங்கும், விட்ட இடத்தில இருந்து பிடிக்கத் தெரியாது. சுவிச்சைப் போடும்வரைக்கும் ஒண்டுமில்லை, போட்டா ப ம ப ம ப. இது பிறகு எங்களுக்குப் பெரிய உதவியாப் போச்சு, ஏழு நாளும் ஒரே வாசலால உள்ள வாற மாதிரி.

இனிப் பிழை விட்ட இடங்கள்.

முதல் பிழை, ரியூன் நல்லா வேலை செய்யுது எண்ட சந்தோசத்தில முழுத் துண்டையும் பியானோ ரெக்கோடிங்கில எடுத்து நாடகம் முழுக்கப் பின்னணியில ஓட விட்டது. பத்து நிமிசத்தில எல்லாருக்கும் காது களைச்சுப் போச்சு, பிள்ளையளின்ர குரல் அமுங்கிப் போச்சு, அதைவிட மோசம், அஞ்சரைக் காட்சி தொடங்கேக்க ஒருத்தரும் திரும்பிப் பாக்கேல்ல. எப்பவும் இருக்கிற ஒண்டு திரும்பி வர ஏலாது, போனால்தானே வரலாம். இது எழுதேக்க லேசான விசயமாத் தெரியும், ஆனா குறும்படம் செய்யிற கன பெடியள் விடுற பிழை இதுதான் எண்டு நினைக்கிறன், நல்ல ரியூன் ஒண்டு கிடைச்சா அதைக் கீழ விரிச்சுப் போட்டு அதுக்கு மேல படம் முழுக்க ஓட்டுறது.

ஆளுக்கொரு ரியூன் வைப்பமா எண்டும் ஒருக்கா யோசிச்சம், அப்பாவுக்கு ஒண்டு, அம்மாவுக்கு ஒண்டு எண்டு. வாக்னர் எண்ட ஜெர்மன் இசையமைப்பாளர் நாலு ஓப்பராவை, பாட்டாலயே நடக்கிற நாடகங்களைச் சேத்து ஒரே கதையாக்கி 1876 இல ஜெர்மனியில பைரொய்த்தில மேடையேத்தேக்க அந்த மாதிரித்தான் ஆளுக்கும் வாளுக்கும் மோதிரத்துக்கும் கூட ஒவ்வொரு சின்ன இசைத் துண்டு வைச்சவர், ஆனா அது நாலு இரவு ஓடுற கதை, எங்கட 25 நிமிசத்துக்குள்ள ஒரு துண்டை ஆக்களின்ர காதில பதிய வைக்கிறதே கஷ்டம். விட்டிட்டம்.

ரெண்டாம் பிழைதான் எனக்குக் கனக்கப் படிப்பிச்சது. ஒன்பது சுரம் மட்டும், ஏழு தரம், எல்லாம் அந்த ஐசியில இருந்து, எல்லாம் ஒரே அளவு. கடதாசியில பாக்க நல்ல ஒழுங்கு. ஒத்திகையில நாலாம் தரம் வரேக்கயே பெடியள் உடம்பைத் தளர்த்திப்போட்டு நிண்டவை, அடுத்து என்ன வரப்போகுது எண்டு அவைக்குத் தெரியும், தெரிஞ்சது அப்பிடியே வந்துது, அவ்வளவுதான். எனக்கு அண்டைக்கு இரவு நித்திரை இல்லை. திரும்பி வாறதுதான் பலம் எண்டு நினைச்சுக் கட்டின நாடகம், திரும்பி வாறதாலயே செத்துக்கொண்டு இருந்தது.

நிலையத்துக்குப் பேப்பர் பாக்க வாற தவில்கார அண்ணை ஒராள் இருக்கிறார். தவில் மேதை தெட்சணாமூர்த்தி வாழ்ந்த அளவெட்டியும், இணுவிலும் இருக்கிற மண் இது, எங்கட பக்கத்தில நாலு வீடு தள்ளிப் போனா ஒரு வித்துவான் வீடு இருக்கும். அவர் மூலையில இருந்து ஒத்திகையைப் பாத்துக்கொண்டு இருந்திட்டுக் கேட்டவர், "தங்கச்சி, நீங்கள் மல்லாரி கேக்கிறேல்லையே?"

கேக்காமல் என்ன. சாமி வெளிக்கிடேக்க நாதஸ்வரத்தில முதல் வாறது மல்லாரிதான், கம்பீர நாட்டை ராகத்தில, நல்லூர்த் திருவிழா 25 நாளும் கேட்டு வளந்த காதுதானே எங்களுக்கு. ஆனா அவர் மேசையில கையால தட்டிக் காட்டும்வரைக்கும் நான் அதைக் கேட்டிருக்கேல்ல எண்டுதான் சொல்லவேணும். மல்லாரிக்குப் பாட்டு இல்லை, சொல் இல்லை, ஒரு சின்ன வரிதான். அந்த வரியை முதலாம் காலத்தில ஆறுதலா வாசிப்பினம், பிறகு ரெண்டாம் காலம், அதே வரி ரெட்டிப்பு வேகத்தில, பிறகு மூண்டாம் காலம், பிறகு மூண்டு மூண்டா எண்ணுற திஸ்ரத்திலயும் போட்டுக் காட்டுவினம். வரி மாறேல்ல, சுரம் மாறேல்ல. சாமி இருப்பில இருந்து எழும்புறதும், தோளில ஏறுறதும், வாசல் தாண்டுறதும் அந்த ஒரே வரிக்குள்ள நடக்குது. "நீங்கள் ஏழு தரமும் முதலாம் காலத்திலயே நிக்கிறியள்" எண்டவர். பிறகு இன்னொண்டும் சொன்னவர், அந்த ஒன்பது சுரத்தில முதல் ரெண்டும் தாளத்துக்கு முன்னால விழுது, அது அதீத எடுப்பு, தாளம் தொடங்க முதலே பாட்டுத் தொடங்கிறது, "அதாலதான் பிள்ளையள் திரும்பினதுகள், இன்னும் வரேல்ல, ஆனா வரப்போகுது எண்டு காதுக்குச் சொல்லுது." அச்சுப் பிரதியில பாத்தா உண்மையும் அதுதான், முதல் ரெண்டு சுரமும் கோட்டுக்கு வெளியால, அளவு எண்டு சொல்லுற முதல் தாளக் கட்டம் தொடங்க முதல் நிக்குது.

அதுக்குப் பிறகு நாங்கள் செய்தது, ஐசியை உண்மையா ஓட்டோ வாற இடங்களுக்கு மட்டும் வைச்சிட்டு, மற்ற நேரத்தில அந்த ஒன்பதையும் வேற வேற உடம்புக்குள்ள விட்டது. மூண்டாவது நாளில அண்ணன் பெற்றோல் வரிசையில கானைத் தலைமாட்டில வைச்சுப் படுத்துக்கொண்டு விசிலடிப்பான், அதே ஒன்பது, ஆனா அரை வேகத்தில, ஒவ்வொரு சுரத்துக்கும் நடுவில வரிசை ஒரு அடி நகரும். நாலாவது நாளில சுரமே இல்லை, அம்மா தேங்காய் திருவுற சத்தம்தான், அதின்ர தாளக்கட்டு மட்டும் அந்த ஒன்பது. திருவலையில இருந்த பிள்ளைக்கு அதைப் பழக்க நாலு நாள் எடுத்தது, முதல் அஞ்சும் கெதியா, பிறகு கையை ஒருக்கா இழுத்து விட்டு நாலு. சபையில இருக்கிறவைக்கு அது தெரியவேணும் எண்டு நான் எதிர்பாக்கேல்ல. ஆனா ஒத்திகை பாக்க வந்திருந்த ஒரு அப்பா திருவல் சத்தம் கேக்கேக்க காலால தட்டினதை நான் கண்டன்.

காத்தவராயன் கூத்து விடிய விடியப் பாத்த ஆக்களுக்கு இது புதுசில்லை எண்டும் சொல்லவேணும். அதில சில மெட்டுகள்தான் இரவு முழுக்கச் சுத்திச் சுத்தி வருது, பாட்டு மட்டும் மாறிக்கொண்டே போகுது, மெட்டைப் பற்றிக் காது கவலைப்படத் தேவையில்லாததால சொல்லு நேர உள்ள இறங்குது. சின்னனில அம்மம்மாவின்ர மடியில அரை நித்திரையில கேட்டதுகள் எனக்கு இப்பவும் வரி வரியா வருகுதெண்டா காரணம் அதுதான். மெட்டுப் பழகப் பழகச் சொல்லு துலங்கும், இதை நான் படிச்சுத் தெரிஞ்சுகொள்ளேல்ல, மடியில கிடந்து தெரிஞ்சுகொண்டது.

சொல்லு எண்டதும் ஒரு விசயம் ஞாபகம் வருது. முதல் காட்சியில கடைக்குட்டிப் பிள்ளைக்கு ஒரே ஒரு வசனம்தான், "அம்மா, பாண் வருது". அதைச் சரியாச் சொல்ல வைக்க ஒரே இருப்பில முப்பது நாப்பது தரம் சொல்ல வைச்சன். ஒரு கட்டத்தில அது பேச்சாக் கேக்கேல்ல, பாட்டாக் கேட்டது, "வருது" வில ஒரு சின்ன இறக்கம், "அம்மா" வில ஒரு இழுவை, எல்லாரும் அதைப் பாடத் தொடங்கிட்டுதுகள். அது எங்கட காதின்ர பிரமை மட்டும் இல்லை, டயானா டொய்ச் எண்ட ஆராய்ச்சியாளர் 1995 இல தன்ர குரலையே பதிஞ்சு ஒரு சின்னச் சொற்தொடரை லூப்பில விட்டுக் கேட்டுக்கொண்டு இருக்கேக்க பேச்சுப் பாட்டா மாறினதைக் கண்டவ, சத்தத்தில ஒரு மாற்றமும் செய்யேல்ல, திரும்பத் திரும்பக் கேட்டது மட்டும்தான். நாங்கள் அந்த வசனத்தை அப்பிடியே பாட்டாவே வைச்சிட்டம். கடைசிக் காட்சியில அதே பிள்ளை அதே வசனத்தை அதே இழுவையோட சொல்லேக்க அதுக்குக் கீழ ஒரு இசையும் போடவேண்டி வரேல்ல.

இனி அஞ்சாவது நாள். நான் இந்த நாடகத்தில செய்த ஒரே நல்ல வேலை எண்டா அது இந்தக் காட்சிதான், அதுவும் அந்த எட்டாம் வகுப்புப் பிள்ளை கேட்ட கேள்வியில இருந்து வந்தது.

ரவெல் எண்ட பிரெஞ்சுக்காரர் 1928 இல எழுதின பொலேரோவில ஒரு சின்னப் பறை 169 தரம் ஒரே தாளக்கட்டை அடிக்குது, கால் மணித்தியாலம் கிட்ட, முழுக்கச் சீ மேஜர் எண்ட ஒரே சுருதியில. முடியப்போற நேரத்தில திடீரெண்டு ஈ மேஜருக்குப் போய் எட்டே எட்டு அளவு நிண்டிட்டுத் திரும்ப வரும். அந்த எட்டு அளவுக்குள்ள வீட்டுக் கூரை கழண்டு வெளிச்சம் விழுற மாதிரி இருக்கும், இவ்வளவு சின்ன மாற்றம் இவ்வளவு பெரிசாத் தெரியுறதுக்கு அதுக்கு முதல் ஒண்டும் மாறாமல் இருந்ததுதான் காரணம். நாலு நாள் காட்சியில அஞ்சரைக்கு அந்த ஒன்பதும் ஏதோ ஒரு உருவத்தில வந்திட்டுது எண்டா, சபைக்கு உள்ளுக்க அதுக்கு ஒரு இருக்கை போட்டாச்சு. அஞ்சாவது நாள் அந்த இருக்கையை வெறுமையா விட்டம்.

விறாந்தை. அரிக்கன் லாம்பு. அம்மம்மா கதிரையில, கையில மூடி, மூடிக்குள்ள சில்லறை. கூப்பிடுற குரல் இல்லை, விசில் இல்லை, திருவல் இல்லை. எவ்வளவு நேரம் சும்மா விடுறது எண்டதுதான் பெரிய பிரச்சினையா இருந்தது, பத்து விநாடி விட்டா வசனம் மறந்திட்டுது எண்டு சபை நினைக்கும், நீட்டினா கதைக்கத் தொடங்கிடுவினம். கடைசியில ரீச்சர்தான் ஒரு வழி சொன்னவ, ஒன்பது சுரத்தையும் மனசுக்குள்ள பாடு, ஓட்டோ வேகத்தில ஒருக்கா, விசில் வேகத்தில ஒருக்கா, முடிஞ்ச பிறகு காசைக் கொட்டு. அம்மம்மாவா நடிச்ச பத்தாம் வகுப்புப் பிள்ளை உதடு அசையாமல் அதை மனசுக்குள்ள பாடப் பழகினாள். அவளின்ர கழுத்தைப் பாத்தா மட்டும் தெரியும், ப ம ப ம ப எண்டு மெல்ல ஏறி இறங்குறது.

விழா இரவு நான் சைட்டில, திரைக்குப் பக்கத்தில நிண்டன். அந்த இடம் வந்தது. அவள் இருந்தாள். சபையில முதல் ஒரு சிரிப்புச் சத்தம், பின்னுக்கு நிண்ட பெடியள், அதுவும் அடங்கிட்டுது. பிறகு முன் வரிசையில இருந்த ஒரு அம்மா தலையைத் திருப்பி றோட்டுப்பக்கம் பாத்தவ. மேடையை இல்லை, உண்மையான றோட்டை, நிலையத்து மதிலுக்கு அங்கால இருட்டில கிடக்கிற எங்கட ஒழுங்கையை. அவவுக்குப் பக்கத்தில இருந்த ரெண்டு பேரும் திரும்பினவை. அப்பதான் மேடையில காசு போத்தலுக்குள்ள விழுந்தது.

இவ்வளவு நாளும் நாடகம் பழக்கினதில நான் எழுதின ஒரு வசனத்துக்கும் ஒருத்தரும் தலை திருப்பினதைக் காணேல்ல. அங்க வசனம் ஒண்டும் இருக்கேல்ல. அந்த அம்மாவுக்கு 2022 இல என்ன நடந்தது எண்டு எனக்குத் தெரியாது, கேக்கவும் இல்லை, ஆனா அவ திரும்பினது எங்கட பெரியம்மா திரும்பின மாதிரியே இருந்தது, தோள் அசையாமல் கழுத்து மட்டும்.

ஏழாவது நாளில ஓட்டோ திரும்ப வரும், ஐசி, அதே கீச்சுச் சத்தம், முதல் சுரத்தில இருந்து. அதை எழுதேக்க ஆக்கள் கைதட்டுவினம் எண்டு நினைச்சன், தட்டேல்ல, ஒரு பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம் வந்தது, எனக்கு அது போதும்.

இதைச் செய்துபாக்க விரும்புற ஆக்களுக்கு என்ர அனுபவத்தில இருந்து ஒண்டு ரெண்டு சொல்லலாம். துண்டு சின்னனா இருக்கவேணும், ஒரு மூச்சில பாடி முடிக்கிற அளவு, ஒருக்காக் கேட்ட பிள்ளை திருப்பிப் பாடக்கூடியதா. ஏற்கனவே ஆக்களின்ர நாளுக்குள்ள இருக்கிற ஒண்டா இருந்தா இன்னும் நல்லம், எங்களுக்குப் பாண் ஓட்டோ, இன்னொருத்தருக்கு அது பள்ளிக்கூட மணியா இருக்கலாம், கோயில் மணியா இருக்கலாம், கிணத்துக் கப்பி கீச்சிடுறதா இருக்கலாம். அதுக்கு ஒரே ஒரு அர்த்தத்தைக் கட்டி விடக்கூடாது, ரியூன் வந்தா சோகம், ரியூன் வந்தா சந்தோசம் எண்டு வைச்சா ரெண்டாம் தரத்தோட முடிஞ்சுது. எங்கட ஒன்பது சுரம் ஜனவரியில பசி, வரிசையில நேரம் போக்கிறது, அம்மாவின்ர கையில வேலை, ஏழாவதில என்ன எண்டு எனக்கே இன்னும் சொல்லத் தெரியேல்ல. எத்தினை தரம் வரவேணும் எண்டதை எழுதேக்கத் தீர்மானிக்க ஏலாது, ஆக்களுக்கு முன்னால ஓட்டிப் பாத்து எந்த இடத்தில உடம்பு தளருது எண்டு பாத்துத்தான் வெட்டவேணும், நாங்கள் ரெண்டாம் பிழையில கண்டது அதைத்தான்.

தீராத ஒண்டு இருக்கு. ஆறாவது நாள். அதில அம்மம்மா தானே அந்த ரியூனை முணுமுணுப்பா, அரைவாசியில மறந்து நிண்டிடுவா, ப ம ப ம ப ரி, அதுக்குப் பிறகு வராது. எழுதேக்க எனக்கு அது பிடிச்சிருந்தது, இப்ப அது வேண்டாம் எண்டு நினைக்கிறன். அஞ்சாவது நாளின்ர வெறுமையை ஆறாவது வந்து விளங்கப்படுத்துது, பாருங்கோ இவவுக்கு அது எவ்வளவு முக்கியம் எண்டு சுட்டிக் காட்டுது, சபை ஏற்கனவே றோட்டைத் திரும்பிப் பாத்தாச்சு, அதுக்குப் பிறகு சுட்டிக் காட்ட என்ன இருக்கு. வாற மாசம் பக்கத்துக் கிராமத்து நிலையத்தில திரும்பப் போடக் கேட்டிருக்கினம், அப்ப அதை வெட்டுவம் எண்டன். அம்மம்மாவா நடிக்கிற பிள்ளை ஒத்துக்கொள்ளேல்ல. "அக்கா, அஞ்சாவதில அவ காத்துக்கொண்டு இருக்கிறா. ஆறாவதில அவவே கூப்பிட்டுப் பாக்கிறா. அதை எடுத்தா அவ ஒண்டுமே செய்யாமல் இருந்த ஆளாப் போயிடுவா" எண்டாள். சுவரில ஒட்டின அந்தக் கடதாசியைக் காட்டித்தான் சொன்னவள், முதல் வாறது கூப்பிடுது எண்டு எழுதினதை.

ரெண்டு மாதிரியும் ஒருக்கா ஓட்டிப் பாக்கிறது எண்டு முடிவெடுத்திருக்கிறம். செவ்வாய்க்கிழமை பின்னேரம், ஆறாவதோட ஒருக்கா, ஆறாவது இல்லாமல் ஒருக்கா. தவில்கார அண்ணை கண்ணை மூடிக்கொண்டு இருந்து கேக்கிறன் எண்டிருக்கிறார்.